வகுப்பறைக்கு வெளியே ஒரு வகுப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் மண்ணையும் மரத்தையும் பூச்சியையும் நேரில் பார்த்துப் படிக்க, பள்ளிக்குள்ளேயே ஓர் இடம் அமைப்பது எப்படி என்று பலர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

பள்ளிக்குப் பின்னால் 20 மீட்டருக்கு 15 மீட்டர் இடம் சும்மா கிடக்கிறது. ஒப்பந்தக்காரர் கொடுத்த வரைபடத்தில் புல்தரை, சிமென்ட் யானை, நீரூற்று, சாயம் பூசிய பழைய டயர்கள் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது? – ஒரு தலைமையாசிரியை

அந்த வரைபடத்தைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். சிமென்ட் யானையில் ஒரு பிள்ளைக்கு இரண்டாவது நாளே பார்க்க எதுவும் மிச்சமிருக்காது. புல்தரை நிறையத் தண்ணீர் கேட்கும். கடைசியில் ‘மிதிக்காதீர்’ பலகை வந்து நிற்கும். டயர்களில் மழைநீர் தேங்கிக் கொசு வளரும், வெயிலில் தொட முடியாமல் சுடும். பிள்ளைகள் தோண்டவும், நகர்த்தவும், நடவும், பிரித்துப் பார்க்கவும் முடிகிற இடம்தான் கற்கும் இடம். வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு பொருளையும் காட்டி, “இதைக் கொண்டு பிள்ளை என்ன செய்யும்?” என்று கேளுங்கள். பதில் ‘பார்க்கும்’ என்று மட்டும் வந்தால் அதை நீக்கிவிடலாம்.

முதல் வேலை அளப்பது. வெயிலான ஒரு நாளில் காலை 9, நண்பகல் 12, மாலை 3 மணிக்கு நிழல் விழும் எல்லையில் மூன்று நிற முளைகளை அடியுங்கள். மூன்று வேளையும் நிழலில் இருக்கும் பகுதி உட்காரும் இடத்துக்கு. குறைந்தது 6 மணி நேரம் வெயில் படும் பகுதி பாத்திகளுக்கு. ஆறு மாதம் கழித்து இதையே மறுபடி செய்யுங்கள். சூரியனின் பாதை நகர்ந்திருக்கும், சில இடங்களில் நிழல் முழுதாகவே மாறியிருக்கும்.

அடுத்து தண்ணீர். 30 செ.மீ. நீள அகல ஆழத்தில் ஒரு குழி தோண்டி நீர் நிரப்புங்கள். அது முழுதும் இறங்கியபின் மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று குச்சியில் குறியுங்கள். மணிக்கு 2.5 செ.மீ.க்கு மேல் இறங்கினால் வடிகால் நன்றாக இருக்கிறது. மறுநாளும் நீர் நின்றால் அங்கே பாத்தியோ மணல்குழியோ வேண்டாம். ஈரம் விரும்பும் செடிகளுக்கு அந்த இடத்தை விடுங்கள். இந்தச் சோதனையைப் பிள்ளைகளையே செய்யச் சொல்லலாம். முதல் பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

பிள்ளைகள் இப்போது எந்த வழியாகக் குறுக்கே ஓடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். தேய்ந்த தடம்தான் பாதை. அதன்மேல் பாத்தி போட்டால் பாத்தி மிதிபடும், பிள்ளைக்குத் திட்டு விழும், தவறு வரைந்தவருடையது.

300 சதுர மீட்டரில் கூடி உட்காரும் வட்டம், தோண்டும் குழி, பாத்திகள், தண்ணீர் ஓடும் ஒரு வாய்க்கால், கருவிக் கொட்டகை, இவை போதும். நிலத்தில் கால் பங்கையாவது எதுவும் செய்யாமல் விடுங்கள். தானாக முளைப்பதும் அங்கே வந்து சேரும் உயிர்களும் எந்தச் செடிவரிசையையும்விட அதிகம் கற்றுத்தரும். கொட்டகை பாத்தியிலிருந்து 15 மீட்டருக்குள் இருக்கட்டும். தூரம் கூடினால் கருவி எடுத்துவைப்பதிலேயே பாடவேளையில் பாதி போய்விடும்.

1971-இல் சைமன் நிக்கல்சன் என்ற பிரிட்டிஷ் கலைஞர், ஓர் இடத்தில் நகர்த்தி மாற்றக்கூடிய உதிரிப் பொருள்கள் எவ்வளவு உண்டோ அவ்வளவுக்கு அங்கே கண்டுபிடிப்பும் படைப்பும் நடக்கும் என்று வாதிட்டார். மரத்துண்டு, பலகை, கூழாங்கல், கயிறு, மூங்கில், வாளி ஆகியவற்றுக்கு ஒரு மூலை ஒதுக்குங்கள். முதல் ஆண்டில் நிலத்தில் பாதியை மட்டும் அமைத்தால் போதும். மறுபாதியை எப்படி அமைப்பது என்று பிள்ளைகள் புழங்குவதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

30 பிள்ளைகள் வட்டமாக உட்கார எவ்வளவு இடம் வேண்டும்? மரக்கட்டை போடலாமா? – ஒரு வகுப்பாசிரியர்

ஒரு பிள்ளைக்கு 50 செ.மீ. என்றால் 15 மீட்டர். ஆசிரியருக்கு 1 மீட்டர், வந்துபோக 1.2 மீட்டரில் இரண்டு இடைவெளி. மொத்தச் சுற்றளவு 18.4 மீட்டர், விட்டம் ஏறத்தாழ 6 மீட்டர். முதுகுப் பக்கம் ஆள் நடக்க ஒரு மீட்டர் சேர்த்தால் 8 மீட்டர் விட்டமுள்ள வெற்றிடம் தேவை. இதைவிடப் பெரிதாக்காதீர்கள். வெளியில் குரலைத் திருப்பி அனுப்பச் சுவர் இல்லை. எதிர்முனையில் இருக்கும் பிள்ளைக்குக் கேட்காது.

கட்டையின் உயரம் 6, 7 வயதுக்கு 30 செ.மீ., 9, 10 வயதுக்கு 35 செ.மீ. கால் தரையில் ஊன்றாத பிள்ளை பத்து நிமிடத்தில் நெளியத் தொடங்கும். கிடைமட்டக் கட்டைகளை 5 முதல் 8 செ.மீ. மண்ணுக்குள் பதியுங்கள், உருளாது. பட்டையை உரித்து, விளிம்புகளைத் தேய்த்து மழுக்குங்கள். பழைய ரயில் தண்டவாளக் கட்டைகள் வேண்டவே வேண்டாம். அவற்றில் ஊறியிருக்கும் கிரியோசோட் என்ற மரக்காப்பு எண்ணெய் தோலுக்கும் மண்ணுக்கும் கேடு. ஆர்சனிக் கலந்த மருந்தில் ஊறவைத்த பழைய மரமும் அப்படித்தான்.

வெயில் பிள்ளைகளின் முதுகுப் பக்கமும் ஆசிரியரின் முகத்துக்கு எதிரிலும் இருக்க வேண்டும். இதைத் தலைகீழாக அமைத்த வட்டங்களில் பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருப்பார்கள். ஆசிரியர் அதைக் கவனக்குறைவு என்று நினைத்துக்கொள்வார்.

மரத்தடியில் வட்டம் போடும்போது மரத்தையும் எண்ணிப் பாருங்கள். உணவும் நீரும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், 30 முதல் 60 செ.மீ. ஆழத்துக்குள் இருக்கிறது. தினமும் அறுபது கால்கள் மிதித்தால் மண் இறுகிக் காற்றும் நீரும் இறங்காது. சில ஆண்டுகளில் உச்சிக் கிளைகள் காயும். காரணம் யாருக்கும் புரியாது. 7 முதல் 10 செ.மீ. கனத்துக்கு மரச்சில்லோ சருகோ மூடாக்காகப் போட்டு, மக்க மக்கச் சேர்த்துவாருங்கள். அடிமரத்தை ஒட்டி ஒரு சாண் அகலம் மூடாக்கு இல்லாமல் விடுங்கள், பட்டை அழுகாது.

தண்ணீர் இல்லாமல் இயற்கை ஏது? ஆனால் கொசுவும் ஆபத்தும் பயமுறுத்துகின்றன. குளம் வெட்டலாமா? – பெற்றோர் குழு உறுப்பினர்

முதல் ஆண்டில் வேண்டாம். சிறு பிள்ளை சில செ.மீ. ஆழ நீரில்கூட மூழ்கிவிடும், சத்தமே வராது. தேங்காமல் ஓடி வடிந்துவிடும் தண்ணீரில் தொடங்குங்கள். அழுத்தினால் மட்டும் நீர் வரும் குழாய் அல்லது கைப்பம்பு, அதிலிருந்து 6 மீட்டர் நீள வாய்க்கால். அகலம் 20 செ.மீ., ஆழம் 8 செ.மீ.; தலைமுனைக்கும் கடைமுனைக்கும் உயர வித்தியாசம் 12 செ.மீ. இதைவிடச் சரிவு கூடினால் நீர் பாய்ந்து ஓடிவிடும், பிள்ளைகள் அணைகட்டி விளையாட முடியாது. குறைந்தால் நடுவில் தேங்கும். சிமென்ட் பூசும்போது ஒளிபுகும் குழாயில் நீர் நிரப்பி மட்டம் பாருங்கள். கண்மதிப்பில் போட்ட வாய்க்கால்கள் பெரும்பாலும் நடுவில் குழிந்துவிடுகின்றன. கொசு வளர்வது அந்தக் குழிவில்தான்.

கடைமுனையில் நீர் பாத்திக்கோ உறிஞ்சுகுழிக்கோ போகட்டும். 1 மீட்டர் நீள அகல ஆழமுள்ள குழியில் உடைகல் நிரப்பினால் இடைவெளிகளில் 300 லிட்டருக்கு மேல் பிடிக்கும். கட்டிட அடித்தளத்திலிருந்து அது 3 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். வாய்க்காலுக்கு வரும் நீர் குடிக்கும் தரத்தில் இருப்பது நல்லது. எவ்வளவு சொன்னாலும் யாராவது ஒரு பிள்ளை வாயில் வைக்கும்.

வெப்பமான காலத்தில் கொசு முட்டையிலிருந்து முழுப் பூச்சியாக 7 முதல் 10 நாள் ஆகும். எனவே பறவைகள் குடிக்கும் தட்டு, வாளி, தொட்டித் தட்டு எதுவானாலும் வாரம் இருமுறை கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் கொசுவின் முட்டைகள் நீர் விளிம்பில் ஒட்டியிருக்கும். கவிழ்த்தால் மட்டும் போகாது, தேய்த்தால்தான் போகும். பறவைத் தட்டில் நீர் 3 முதல் 5 செ.மீ. ஆழம் போதும். நடுவில் ஒரு கரடுமுரடான கல் வையுங்கள், தேனீக்கள் மூழ்காமல் உட்கார்ந்து குடிக்கும்.

இரண்டு மூன்று ஆண்டுகள் வாய்க்காலை ஒழுங்காகப் பராமரித்துவிட்டால் குளத்தைப் பற்றி யோசிக்கலாம். அப்போது நீர்மட்டத்துக்கு மேல், ஒரு பெரியவர் ஏறி நின்றாலும் வளையாத கம்பித்தட்டி வேண்டும். தட்டியின் ஓட்டைகள் 5 முதல் 8 செ.மீ.க்குள். சுற்றுவேலியும் பூட்டும் கதவும் இருக்க வேண்டும். ஒரு கரை சரிவாக இருந்தால் தவளைக் குஞ்சுகள் ஏறி வெளியே வரும். கொசுப்புழு தின்னும் மீன்களும் தட்டான் இளம்புழுக்களும் இருக்கும் குளத்தில் கொசு குறைவு. இருந்தாலும், காவலுக்கு ஆள் இல்லாத பள்ளியில் குளம் வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

மேட்டுப்பாத்தி கட்டி முழுக்க மக்குரம் நிரப்பினோம். ஒரே மாதத்தில் செடிகள் மஞ்சளாகிச் சுருண்டன. பாத்தி மட்டமும் இறங்கிவிட்டது. என்ன தவறு? – அறிவியல் ஆசிரியை

தவறு நிரப்பியதில்தான். வெறும் மக்குரத்தில் வேரூன்றப் பிடிமானம் இல்லை. மக்க மக்கச் சுருங்கும். உப்பும் ஈரமும் அளவுக்கு மீறி நிற்கும். சரியாக மக்காத உரம் என்றால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்ளும். அடியிலைகள் முதலில் மஞ்சளாவது அதன் அடையாளம். மேலே 15 செ.மீ. அள்ளி எடுத்து, தோட்ட மண் 2 பங்கு, நன்கு மக்கிய உரம் 1 பங்கு, மணல் அல்லது தென்னை நார்க்கழிவு 1 பங்கு கலந்து நிரப்புங்கள். அள்ளிய உரத்தை மூடி வைத்து, மண்வாசம் வந்தபின் பயன்படுத்தலாம். இன்னும் சூடாகவோ புளித்த வாடையோடோ இருந்தால் அது மக்கவில்லை.

அடியில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். பிளாஸ்டிக் தாள் விரித்திருந்தால் ஓட்டை போட வேண்டும். சிமென்ட் தரைமேல் கட்டியிருந்தால் அடி ஓரத்தில் 50 செ.மீ.க்கு ஒன்றாக வடிதுளை வேண்டும்.

அளவுகளும் முக்கியம். இரு பக்கமும் நின்று வேலை செய்யும் பாத்தி 90 செ.மீ. அகலத்துக்கு மேல் வேண்டாம். சுவரை ஒட்டிய பாத்தி 50 செ.மீ. போதும். பெரியவர்களுக்குச் சொல்லும் 1.2 மீட்டர் அகலத்தில் கட்டினால் பிள்ளையின் கை நடுவரை எட்டாது, பாத்திக்குள் காலை வைத்துவிடும். நீளம் 2.4 மீட்டர் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் சுற்றிப் போகப் பொறுமையின்றித் தாண்டுவார்கள். 2.4 மீ. நீளம், 90 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் என்றால் கொள்ளளவு ஏறத்தாழ 650 லிட்டர். மண் படிந்து இறங்கும் என்பதால் 780 லிட்டர் கலவை தயார் செய்யுங்கள்.

பள்ளிப் பாத்திகள் வாடுவதற்கு இன்னொரு காரணம் அன்பு. முப்பது பிள்ளைகளும் ஆளுக்கொரு கோப்பை ஊற்றுவார்கள். ஒரு செடி அழுகும், பக்கத்துச் செடி காயும். சதுர மீட்டருக்கு 10 லிட்டர் வீதம், இந்தப் பாத்திக்கு ஏறத்தாழ 20 லிட்டர், வறண்ட நாள்களில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை. ஊற்றுமுன் விரலைக் கணுவரை மண்ணில் விட்டு ஈரம் பார்க்கும் பழக்கத்தை முதலில் சொல்லிக்கொடுங்கள். பூவாளி 2 லிட்டருக்கு மேல் வேண்டாம்.

ஆளுக்கொரு பாத்தியா, எல்லோருக்கும் பொதுவா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 1840-இல் தம் பள்ளிக்குக் ‘கிண்டர்கார்டன்’ (பிள்ளைகளின் தோட்டம்) என்று பெயரிட்ட ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரெட்ரிக் ஃப்ரோபெல் இரண்டுமே வேண்டும் என்றார். தனிப்பாத்தி சிறியதாக, 30 செ.மீ. சதுரமாக இருந்தாலும் போதும். தன் விதை முளைக்காமல் போனதையும் அந்தப் பிள்ளை பார்க்கட்டும். 25, 30 நாளில் கிழங்கு விடும் முள்ளங்கியில் தொடங்கினால் காத்திருப்பு எட்டும் தூரத்தில் இருக்கும்.

பிள்ளைகள் பார்க்க மரக்கட்டைக் குவியல் வைத்தால் பூச்சிகள் வரும் என்கிறார்கள். பாம்பும் தேளும் வராதா? – ஒரு தாய்

வரலாம், உங்கள் கவலை நியாயமானது. குவியலைப் பாதையிலிருந்தும் கட்டிடத்திலிருந்தும் தள்ளி வைத்து, ஒரே அடுக்காக, 30 செ.மீ. உயரத்துக்குள் நிறுத்துங்கள். சுற்றிலும் ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல்லில்லாத வெறுந்தரை இருக்கட்டும். ஊர்ந்து வருவது கண்ணில் படும். பாம்பைக் கூப்பிடுவது பெரும்பாலும் எலி. எலியைக் கூப்பிடுவது சிந்திய சாப்பாடும் மூடாத உரத்தொட்டியும். சமைத்த மிச்சத்தைப் பள்ளி உரத்தொட்டியில் போடாதீர்கள். சருகும் பச்சை இலையும் போதும்.

பிள்ளைகள் வருமுன் தினமும் ஒரு பெரியவர் கோலோடு ஒரு சுற்று வர வேண்டும். கட்டையைப் புரட்டும் முறை ஒன்றுதான்: எதிர்ப்பக்க விளிம்பைக் கொக்கிக் கோலால் பிடித்து, கட்டை நம் பக்கம் சாயும்படி தூக்குவது. திறப்பு எதிர்ப்பக்கம் இருக்கும், உள்ளே இருப்பது அந்தப் பக்கமாக ஓடிவிடும், கட்டை நம்மை மறைக்கும். விரலை அடியில் விடக் கூடாது. பார்த்தபின் கட்டையை இருந்த மாதிரியே திருப்பி வைப்பதும் பாடத்தில் சேர்ந்ததுதான். அந்த ஈரத்தை நம்பித்தான் மரவட்டையும் நத்தையும் அங்கே குடியிருக்கின்றன.

பாம்பைவிட அன்றாடம் நேரக்கூடிய ஆபத்து செடிகளில் இருக்கிறது. அரளி, ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணி ஆகியவை பிள்ளைகள் எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. குன்றிமணியின் சிவப்பும் கறுப்பும் கையை இழுக்கும். மென்று விழுங்கினால் உயிருக்கு ஆபத்து. பார்த்தீனியம் பூக்குமுன் கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். மணல்குழியை மாலையில் வலையால் மூடுங்கள். பூனை, நாய் எச்சம் வழியாகக் கொக்கிப்புழு மணலில் சேரும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவும் குழாய், வகுப்புக்குத் திரும்பும் வழியிலேயே இருக்கட்டும்.

பூச்செடிகள் நிறைய வைத்தும் வண்ணத்துப்பூச்சி வந்து தங்குவதில்லை. ஏன்? – நான்காம் வகுப்பு ஆசிரியை

பூவில் தேன் குடிக்கும், முட்டையிட அதன் புழு தின்னும் செடியைத் தேடிப் போய்விடும். எலுமிச்சை, நாரத்தை இலைகளில் ஒரு வகை, எருக்கில் ஒரு வகை, கொன்றையில் வேறொரு வகை என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் செடி உண்டு. எருக்கம்பால் கண்ணுக்குக் கேடு என்பதால் அதை வேலிக்கு அப்பால் வையுங்கள். இலைகள் கடிபட்டு ஓட்டையாகும், மருந்து அடிக்காதீர்கள். அந்த ஓட்டைகளுக்காகத்தானே செடி வைத்தோம். வெப்பமான பருவத்தில் முட்டை முதல் சிறகு வரை ஏறத்தாழ ஒரு மாதம். தினம் ஒரு படம் வரைந்தால் ஒரு நோட்டு நிறையும். பக்கத்தில் ஒரு தட்டில் ஈரமணல் வையுங்கள், தாது உப்புக்காக அதிலும் வந்து உட்காரும். தேனீ மொய்க்கும் செடிகள் மட்டும் உட்காரும் இடத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

எங்களிடம் இருப்பது 8 மீட்டருக்கு 5 மீட்டர் சிமென்ட் தரை மட்டுமே. – ஒரு தாளாளர்

போதும். 30 செ.மீ. ஆழத்துக்குக் குறையாத தொட்டிகள், சுவரில் கொடி ஏற ஒரு கம்பிவலை, கூரைநீர் பிடிக்க 200 லிட்டர் பீப்பாய் (கொசுவலை மூடியோடு). 50 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 500 லிட்டர் விழும், பீப்பாய் நிறைந்து வழியும். இதைக் கணக்குப் பாடத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த மழையில் சரிபார்க்கச் சொல்லுங்கள். தரையின் விரிசலில் முளைத்ததைப் பிடுங்க வேண்டாம். அதற்குப் பெயர் கண்டுபிடிக்கட்டும். நடுவில் 1 மீட்டர் கம்பு நட்டு, மணிக்கொரு முறை நிழல்நுனியைச் சுண்ணக்கட்டியால் குறித்தால் சூரியன் நகர்வதைப் பார்க்கலாம். இதற்கு மண்தரையைவிடச் சிமென்ட்தான் வசதி.

சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை ஒன்று சேர்ந்திருக்கிறது. தோட்டத்தில் என்ன மாற்ற வேண்டும்? – சிறப்பாசிரியர்

பாதைதான் முதலில். மணலும் மரச்சில்லும் சக்கரத்தை விழுங்கும். 10 செ.மீ. சரளை, அதன்மேல் 5 செ.மீ. கல்தூள் போட்டு நீர் தெளித்து இறுகத் திமிசு போடுங்கள். அகலம் 1.2 மீட்டர், எதிரெதிரே வரும் இடங்களில் 1.5 மீட்டர். திரும்புமிடத்தில் 1.5 மீட்டர் விட்டத்துக்கு வெற்றிடம். சரிவு 20-க்கு 1 இருந்தால் பிள்ளை தானே உருட்டிப் போகும். 12-க்கு 1 என்பது எல்லை, அதில் பெரும்பாலும் தள்ள ஆள் வேண்டியிருக்கும்.

சாதாரண மேட்டுப்பாத்திக்குப் பக்கவாட்டில் நிறுத்தி முறுக்கிக்கொண்டு வேலை செய்யவைக்காதீர்கள். முழங்கால் உள்ளே போகும்படி அடியில் 65 செ.மீ. காலியிடம் உள்ள மேசைப்பாத்தி ஒன்று செய்யுங்கள். மண் ஆழம் 15 முதல் 20 செ.மீ. கீரைக்கும் முள்ளங்கிக்கும் அது போதும். கட்டுமுன் அந்தப் பிள்ளையின் நாற்காலியை அளந்துகொள்ளுங்கள். மற்ற பிள்ளைகளும் அதே மேசையில் நின்று வேலை செய்யட்டும். ‘அவனுக்கான பாத்தி’ என்று ஓரத்தில் தனியாகப் போட்டால் சேர்த்ததன் பயனே போய்விடும்.

கோடை விடுமுறையில் எல்லாம் காய்ந்துவிடுகிறது. – மூன்று பள்ளிகளிலிருந்து

விடுமுறைக்கு 6 வாரம் முன்பே புது விதைப்பை நிறுத்துங்கள். கடைசி வாரத்தில் பாத்திகளுக்கு நன்றாக நீர் விட்டு, 8 செ.மீ. சருகு மூடாக்குப் போட்டுவிட்டால் ஓராண்டுச் செடிகள் போனாலும் மண் உயிரோடு இருக்கும். மரக்கன்றுகளுக்கு மட்டுமே ஆள் வேண்டும், வாரம் ஒருமுறை கன்றுக்கு 15 முதல் 20 லிட்டர். அருகில் குடியிருக்கும் இரண்டு மூன்று குடும்பங்கள் வாரத்தைப் பிரித்துக்கொண்டால் நடந்துவிடும். குழாய்ச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைக் கதவிலேயே எழுதி ஒட்டுங்கள். பறவைத் தட்டு, வாளி, பூவாளி எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்துவிட்டுப் பூட்டுங்கள்.